'ரன்' தமிழில் தடுக்கும் இடங்கள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்த செய்தியையோ, கட்டுரையையோ, படத்தின் வசன வரிகளையோ திருத்த உட்காருகிறவருக்கு, இலக்கணம் பிசகாமல் இருந்தும் பொருள் நொண்டுகிற வாக்கியங்கள் அடிக்கடி எதிர்ப்படும். கடினமான கலைச்சொற்களால் இந்தக் கோளாறு வருவது குறைவு. அவற்றை எவரும் அகராதியில் தேடிப் பார்த்துவிடுகிறார்கள். தேட வேண்டும் என்றே தோன்றாத சிறிய சொற்கள்தாம் காலை வாரிவிடுகின்றன. அவற்றுள் முதலிடம் 'ரன்' என்பதற்கு உரியது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் 'செட்' என்ற வினை 430 பொருள்களோடு முன்னே நின்றது. அடுத்த பதிப்புக்கான திருத்தப் பணியில் 'ரன்' வினையை எடுத்துக்கொண்ட பீட்டர் கில்லிவர், ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் உழைத்து, அதற்கு 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார்.

அந்த 645ஐயும் மனப்பாடம் செய்து யாரும் மொழிபெயர்ப்பதில்லை. 'ரன்' என்ற சொல்லையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. அதற்கு முன்னே நிற்கும் எழுவாயையும் பின்னே வரும் சொல்லையும் பார்த்தால் பெரும்பாலும் உடனே கிடைத்துவிடும். தமிழ் வரைவில் கண்ணை உறுத்தும் தொடரை அறிகுறியாகக் கொண்டு, மூல வாக்கியத்தில் எந்த இடத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

எல்லா அறிகுறிகளுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டிய சோதனை

தமிழில் ஓடுவது வேறு, ஓட்டுவது வேறு. தன்வினைக்கும் பிறவினைக்கும் நமக்குத் தனித்தனி வடிவங்கள் உண்டு. பழைய ஆங்கிலத்திலும் தானாக ஓடுவதற்கு ஒரு வினையும், ஓடச் செய்வதற்கு அதன் உறவான இன்னொரு வினையும் இருந்தன. காலப்போக்கில் இரண்டும் கலந்து ஒரே 'ரன்' ஆகிவிட்டன. ஆகவே மூல வாக்கியத்தைக் கண்டவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த வினைக்குச் செயப்படுபொருள் இருக்கிறதா என்பதே. இருந்தால் 'ஓடு' என்ற வேர்ச்சொல்லைக் கையிலிருந்து கீழே வைத்துவிட்டு, நடத்து, இயக்கு, நிர்வகி, ஓட்டு ஆகிய நான்கிலிருந்து தேர்ந்துகொள்ளத் தொடங்கலாம்.

இந்த நான்கும் ஒன்றுக்கொன்று மாற்றாகா. பள்ளியை, உணவகத்தை, அறக்கட்டளையை நடத்துகிறோம். இயந்திரத்தையும் கணினி நிரலையும் இயக்குகிறோம். மாவட்டத்தையோ துறையையோ நிர்வகிக்கிறோம். 'ஓட்டு' என்பது சற்றே ஆபத்தானது, ஏனெனில் வண்டிக்கு அது இயல்பாக இருந்தாலும், "கடையை ஓட்டுகிறார்", "குடும்பத்தை ஓட்டுகிறோம்" என்று வரும்போது 'எப்படியோ சமாளித்து' என்ற பெருமூச்சு அதில் ஒட்டிக்கொண்டே வருகிறது. உலகம் முழுதும் கிளைகள் கொண்ட ஒரு நிறுவனத்தின் தலைவர் அந்த நிறுவனத்தை 'ஓட்டி வருகிறார்' என்று எழுதிப் பாருங்கள். மூலத்தில் இல்லாத நெருக்கடி ஒன்று தமிழில் முளைத்துவிடும்.

அறிகுறி: "அவர் அதிபர் பதவிக்கு ஓடுகிறார்"

எழுவாய் அரசியல்வாதி, பின்னே வருவது 'ஃபார்' என்ற சொல்லும் ஒரு பதவியின் பெயரும். இது போட்டியிடுதல். இந்த இடத்தில் அமெரிக்கர்கள் ஓடுகிறார்கள், பிரிட்டனில் வேட்பாளர் 'ஸ்டாண்ட்' செய்கிறார், அதாவது நிற்கிறார். நம் வழக்கிலும் தேர்தலில் 'நிற்கிறார்' என்றுதான் சொல்கிறோம். அமெரிக்கச் செய்தியில் ஓடுகிற மனிதரைத் தமிழில் நிற்க வைப்பது முழுக்கச் சரியான மொழிபெயர்ப்பு என்பது எனக்கு எப்போதும் ஒரு சிறிய மகிழ்ச்சியைத் தரும்.

இதே குடும்பத்தில் இரண்டு கிளைப் பிழைகள் உண்டு. 'ரன்னிங் மேட்' என்பது குதிரைப் பந்தயத்திலிருந்து அரசியலுக்கு வந்த தொடர். 'உடன் ஓடுபவர்' என்று எழுதினால் மாரத்தான் நினைவுதான் வரும். 2020 ஆகஸ்டில் ஜோ பைடன் கமலா ஹாரிஸைத் தம் 'ரன்னிங் மேட்' என்று அறிவித்தபோது, அவருடைய தாய்வழிப் பூர்வீக ஊரான திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தைப் பற்றி எழுத வேண்டியிருந்த தமிழ்ச் செய்தியாளருக்குத் தேவைப்பட்ட சொல் 'துணை அதிபர் வேட்பாளர்' என்பதே. 'ரன் ஆஃப்' என்பது முதல் சுற்றில் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது நடக்கும் இரண்டாம் சுற்று வாக்கெடுப்பு. 2022 ஏப்ரல் 10ஆம் தேதி முதல் சுற்றுக்குப் பின் பிரான்ஸில் ஏப்ரல் 24ஆம் தேதி மக்ரோனும் லெ பென்னும் மோதியது அத்தகையது. ஆனால் பக்கத்தில் உரம், வயல், ஏரி, மழை ஆகியவை தென்பட்டால் அதே 'ரன் ஆஃப்' வழிந்தோடும் நீர் ஆகிவிடும்; வேளாண்மைக் கட்டுரையில் 'இரண்டாம் சுற்று' என்று எழுதப்பட்டிருந்ததையும் நான் திருத்தியிருக்கிறேன்.

அறிகுறி: "மூக்கு ஓடுகிறது", "முட்டை ஓடுகிறது", "சட்டை ஓடிவிட்டது"

எழுவாய் நீர்மமாகவோ, நீர்மம் வெளிவரும் இடமாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலம் எல்லா ஒழுக்குக்கும் 'ரன்' ஒன்றையே வைத்துக்கொள்ள, தமிழ் எவ்வளவு வருகிறது, எதிலிருந்து வருகிறது, எந்த வேகத்தில் வருகிறது என்பதைப் பார்த்து வினையை மாற்றுகிறது. மூக்கு ஒழுகுகிறது. கண்ணீர் வழிகிறது. ஆறு பாய்கிறது, ஓடவும் செய்கிறது. கண்மை கரைந்து கன்னத்தில் இறங்குகிறது. குழாயைப் பொறுத்தவரை, "யாரோ குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டார்கள்" என்று முழு வாக்கியத்தையும் திருப்பிப் போடுவதே நல்லது. ஒரு வீட்டில் 'ரன்னிங் வாட்டர்' இருக்கிறது என்றால் அருகில் ஓடை இருக்கிறது என்று பொருளில்லை. வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் வசதி இருக்கிறது என்று பொருள்.

முட்டையின் மஞ்சள் கரு முழுக்க வேகாமல் இளகி வழிவதைக் குறிக்க 'ரன்னி' என்பார்கள். அதை 'ஓடும் முட்டை' என்று எழுதினால் தமிழ் வாசகர் முட்டை ஓட்டை நினைத்துக்கொண்டு இரட்டைக் குழப்பத்தில் சிக்குவார். அரைவேக்காட்டு முட்டை என்பது நம் சமையலறைகளில் ஏற்கெனவே உள்ள பெயர்.

துணி 'ரன்' ஆவதில் இரு வகை உண்டு. பருத்தித் துணியோ புடவையோ துவைக்கும்போது 'ரன்' ஆனால் சாயம் போகிறது. மெல்லிய காலுறை 'ரன்' ஆனால் இழை பிரிந்து நெடுகக் கோடு விழுகிறது. இதைப் பிரிட்டனில் ஏணி என்கிறார்கள். சாயம் போவதை ஆங்கிலத்தில் 'ப்ளீட்', அதாவது இரத்தம் கசிதல், என்றும் சொல்வதுண்டு. சென்னைப் பகுதியில் நெய்த, சாயம் நிற்காத கட்டம் போட்ட துணியை அமெரிக்காவில் 'ப்ளீடிங் மெட்ராஸ்' என்று பெயரிட்டு, நிச்சயம் சாயம் போகும் என்பதையே பெருமையாக விளம்பரம் செய்து விற்ற காலம் ஒன்று இருந்தது. அதை 'இரத்தம் சிந்தும் சென்னை' என்று மொழிபெயர்க்காமல் இருக்கவும் பக்கத்துச் சொல்தான் கைகொடுக்க வேண்டும்.

உடல்நிலை பற்றிய வாக்கியமென்றால் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். 'ரன்னிங் எ டெம்பரேச்சர்' என்றால் காய்ச்சல் அடிக்கிறது. 'த ரன்ஸ்' என்று பன்மையில், சற்றே கொச்சையாக வந்தால் வயிற்றுப்போக்கு. கிரிக்கெட் பற்றிய பத்தியாக இல்லாத வரை இதில் ஐயம் வேண்டியதில்லை.

அறிகுறி: "வங்கியில் ஓட்டம் ஏற்பட்டது"

இங்கே 'ரன்' பெயர்ச்சொல். பின்னே 'ஆன்' வருகிறது. ஒரு பொருளையோ பணத்தையோ கேட்டு எல்லாரும் ஒரே நேரத்தில் முண்டியடிப்பது இதன் பொருள். வங்கி பெற்ற வைப்புத் தொகையில் பெரும்பகுதியைக் கடனாகவும் நீண்டகால முதலீடாகவும் வெளியே வைத்திருப்பதால், எந்த வங்கியாலும் எல்லா வைப்பாளருக்கும் ஒரே நாளில் பணத்தைத் திருப்பித் தர இயலாது. மற்றவர்கள் எடுத்துவிடுவார்களோ என்ற அச்சமே ஒவ்வொருவரையும் எடுக்க வைக்கிறது. நலமாக இருந்த வங்கிகூட அதனால் விழக்கூடும். 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் மக்கள் வரிசையாக நின்றார்கள். 2023 மார்ச் 9ஆம் தேதி அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை, எல்லாம் கணினியிலும் கைப்பேசியிலும் முடிந்துவிட்டது.

ஆகவே 'ஓட்டம்' என்ற சொல் இந்த இடத்தில் எந்த வகையிலும் பொருந்தாது. "வைப்பாளர்கள் பணத்தை எடுக்க முண்டியடித்தனர்" என்று வினையாகவே எழுதுவதை நான் பரிந்துரைக்கிறேன். தலைப்பில் இடம் போதாவிட்டால் "வங்கியை முற்றுகையிட்ட வைப்பாளர்கள்" என்று சிலர் சுருக்குகிறார்கள். முற்றுகை என்பதில் போராட்ட வாசனை அடிப்பதால் அதை நான் தவிர்த்துவிடுவேன்.

அறிகுறி: "காளை ஓட்டம்"

'புல் ரன்' என்ற தொடர் மூன்று துறைகளில் மூன்று பொருளில் வருகிறது. அதனால் இந்த ஓர் அறிகுறிக்குச் சற்றுக் கூடுதலாக நேரம் ஒதுக்குவது தகும். பங்குச்சந்தைப் பக்கத்தில் வந்தால், விலைகள் நெடுநாள் தொடர்ந்து ஏறுவது. 'ஏறுமுகம்' என்றாலே போதும். ஸ்பெயின் நாட்டின் பம்ப்லோனா நகரம் அருகில் இருந்தால், ஜூலை மாதத்துச் சான் ஃபெர்மின் திருவிழாவில் ஏறத்தாழ 875 மீட்டர் நீளமுள்ள தெருக்களில் காளைகளை அவிழ்த்துவிட்டு, அவற்றின் முன்னே மனிதர்கள் ஓடுவது. இங்கே மட்டும் 'காளை ஓட்டம்' என்பது பொருந்தும். அதை 'ஸ்பெயினின் ஜல்லிக்கட்டு' என்று எழுதுவது வாசகரைத் தவறாகவே நடத்திச் செல்லும், ஏனெனில் ஜல்லிக்கட்டில் திமிலைப் பிடித்து அணைய வேண்டும். பம்ப்லோனாவில் காளையைத் தொடாமல் தப்பி ஓடுவதே காரியம்.

மூன்றாவதில்தான் பலர் வழுக்குகிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் பெரிய தரைப்போர் 1861 ஜூலை 21ஆம் தேதி வர்ஜீனியாவில் 'புல் ரன்' என்ற இடத்தில் நடந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் அதே இடத்தில் இன்னொரு போர் நடந்தது. வட மாநிலத்தவர் இவற்றைப் 'புல் ரன்' போர்கள் என்றும், தென் மாநிலத்தவர் அருகிலிருந்த ஊரின் பெயரால் மனாசஸ் போர்கள் என்றும் அழைத்தார்கள். 'புல் ரன்' அங்கே ஓடும் ஒரு சிற்றாற்றின் பெயர். அந்த வட்டாரத்து ஆங்கிலத்தில் 'ரன்' என்றாலே ஓடை. இடப்பெயர் ஆகையால் அதை மொழிபெயர்க்காமல் 'புல் ரன் ஓடை' என்று ஒரு சொல்லைக் கூட்டி எழுதினால், காளை எதுவும் வராது. மேலை வர்ஜீனியா, பென்சில்வேனியா வரைபடங்களிலும் 'ரன்' என்று முடியும் பெயர்களைப் பார்த்தால் முதலில் தண்ணீரைத் தேடுங்கள்.

அறிகுறி: வினை சரியாக இருக்கிறது, நிகழ்ச்சி தவறாக இருக்கிறது

"அவர் பழைய நண்பர் மீது மோதினார்" என்று வரைவில் இருக்கும்; மூலத்தில் அவர் நண்பரைத் தற்செயலாகச் சந்தித்திருப்பார். இது 'ரன்' பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் சிறு சொல்லின் வேலை. 'ரன் இன்டு' என்பதற்கு எதிர்ப்படுதல், மோதுதல், ஒரு தொகையை எட்டுதல் என மூன்று முகங்கள். பின்னே வருவது மனிதர் என்றால் எதிர்ப்படுதல், மரமோ சுவரோ என்றால் மோதுதல், கோடிகள் என்றால் 'கோடிக்கணக்கில் ஆகிறது'. மனிதர் பெயருக்கு முன்னே எழுவாயாகக் கார் நின்றால் மட்டும் நிதானியுங்கள்.

'ரன் ஓவர்' என்பதும் அப்படியே. வண்டி எழுவாய் என்றால் ஏற்றிவிட்டது. கூட்டம் எழுவாய் என்றால் குறித்த நேரத்தைத் தாண்டி நீண்டது. பாத்திரம் என்றால் நிரம்பி வழிந்தது. குறிப்புகள் செயப்படுபொருள் என்றால் ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்தார். 'ரன் டவுன்' மின்கலத்துக்கு வந்தால் சார்ஜ் இறங்கிவிட்டது, வீட்டுக்கு வந்தால் பாழடைந்தது, ஆளுக்கு வந்தால் அயர்ச்சி. ஒருவர் இன்னொருவரைச் செய்வதாக வந்தால் மட்டம் தட்டுதல். 'ரன் அப்' பந்துவீச்சாளருக்கு ஓடிவரும் தூரம், தேர்தலுக்கு முந்தைய நாட்கள், கடைக்காரரிடம் ஏறிக்கொண்டே போகும் பாக்கி, கொடிக் கம்பத்தில் ஏறும் கொடி, தையல் இயந்திரத்தில் சட்டென்று தைத்து முடித்த உடை.

'ரன் அவுட்' தீர்ந்துபோதல். பால் தீர்ந்துவிட்டது, பொறுமை தீர்ந்துவிட்டது என்று தமிழ் அப்படியே ஏற்கும். ஆனால் விசா தீராது, காலாவதியாகும். ஆள் எழுவாயாகி, இந்தத் தொடரின் பின்னே 'ஆஃப்' என்பதும் பால், பொறுமை போன்ற ஒன்றும் வந்தால் ஆளிடம் அது தீர்ந்திருக்கிறது, வீடு போன்ற இடம் வந்தால் ஆளே வெளியே ஓடியிருக்கிறார். "அவர் வீட்டிலிருந்து தீர்ந்துவிட்டார்" என்ற வரியை ஒரு வரைவில் படித்த அன்று காலை நான் காப்பியைச் சிந்தினேன்.

'ரன் அவே' குறித்துத் தனியாக ஓர் எச்சரிக்கை. வீட்டில் கோபித்துக்கொண்டு வெளியேறிய பதினைந்து வயதுப் பெண்ணை "ஓடிப்போய்விட்டாள்" என்று எழுதினால், காதலனோடு போனாள் என்றே தமிழ் வாசகர் புரிந்துகொள்வார். மூலத்தில் அந்தக் குறிப்பு இல்லாதபோது "வீட்டை விட்டு வெளியேறிவிட்டாள்" என்று எழுதுவதே நேர்மை. இது நடை சார்ந்த திருத்தம் மட்டுமல்லாமல், ஒரு பெண்ணின் பெயர் சார்ந்த திருத்தமும் ஆகும்.

அறிகுறி: எவரும் ஓடாமலே ஓட்டங்கள் சேர்கின்றன

இது பிழையில்லை, விளையாட்டின் வரலாறு. கிரிக்கெட்டில் இரு பக்கத்து மட்டையாளர்களும் 58 அடி இடைவெளியில் உள்ள கோடுகளுக்கு இடையே இடம் மாறுவதுதான் ஒரு 'ரன்'. பின்னர் எல்லைக்கோட்டைத் தாண்டிய பந்துக்கு ஓடாமலே நான்கும் ஆறும் கிடைத்தன, பெயர் மட்டும் ஓட்டமாகவே நிலைத்தது. இலங்கைத் தமிழ் ஏடுகள் 'ஓட்டங்கள்' என்று உறுதியாக எழுதுகின்றன. தமிழ்நாட்டில் 'ரன்' என்பதும் ஏடேறிவிட்டது. எதை எடுத்தாலும் கட்டுரை முழுதும் ஒன்றையே பின்பற்றினால் போதும்.

பேஸ்பால் பற்றிய கட்டுரையில் இந்தச் சொல்லை அப்படியே கொண்டுபோக முடியாது. அங்கே ஒரு 'ரன்' என்பது, 90 அடி இடைவெளியில் உள்ள நான்கு முனைகளையும் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் முழுச் சுற்று. கிரிக்கெட் ஓட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஐந்துக்கு மூன்று என்ற முடிவைப் படிக்கிறவர், என்ன மோசமான ஆட்டம் என்று நினைத்துக்கொள்வார்; ஒருமுறை விளக்கிவிடுவது நல்லது. 'ஹோம் ரன்' உருவகமாக வரும்போது "சிக்ஸர் அடித்தார்" என்று எழுதத் தோன்றும். செய்தியில் அது செல்லும். ஆனால் பாஸ்டன் நகரத்துக் கதாபாத்திரத்தின் வாயில் கிரிக்கெட்டைத் திணிக்கும் வசன வரியை நான் அடித்துவிடுவேன்.

அறிகுறி: 'ஓட்டம்' என்று முடியும், யாருக்கும் புரியாத தொகைச்சொற்கள்

உலர் ஓட்டம், அச்சு ஓட்டம், நீண்ட ஓட்டம், கோழி ஓட்டம் ஆகியவை இந்த வகை. இவற்றுக்கு விரைவான மாற்றுகளே போதும். 'டிரை ரன்' ஒத்திகை. 2021 ஜனவரி 2ஆம் தேதி இந்தியா முழுதும் நடந்த கொரோனா தடுப்பூசி 'டிரை ரன்' தமிழில் தடுப்பூசி ஒத்திகை என்றே இயல்பாகப் புழங்கியது. 'பிரின்ட் ரன்' அச்சிட்ட பிரதிகளின் எண்ணிக்கை. கோழி 'ரன்' என்பது கோழிகள் உலாவ வலையடித்த அடைப்பு. 'இன் த லாங் ரன்' பேச்சில் நாளடைவில். பொருளியல் பாடத்தில் மட்டும் 'நீண்டகாலம்' என்ற கலைச்சொல், அதுவும் இத்தனை ஆண்டு என்ற அளவில்லாமல், உற்பத்திக் காரணிகள் அனைத்தையும் மாற்றிக்கொள்ளப் போதிய காலம் என்ற பொருளில்.

அறிகுறி: எல்லாம் சரியாக இருந்தும் தமிழ் விறைத்து நிற்கிறது

மேலே சொன்ன திருத்தங்களையெல்லாம் பழகிய பிறகு வரும் நோய் இது. 'ரன்' என்றாலே 'ஓடு' கூடாது என்று முடிவுகட்டியவர், "பேருந்துகள் இயக்கப்படுகின்றன", "கடிகாரம் செயல்படுகிறது", "திரைப்படம் நூறு நாட்கள் திரையிடப்பட்டது" என்று எழுதத் தொடங்குகிறார். பேருந்து வேலைநிறுத்த நாளில் மக்கள் கேட்பது "பஸ் ஓடுதா?" என்றுதான். கடிகாரம் ஓடும், காலம் ஓடும், மின்விசிறி ஓடும், மனத்துக்குள் ஏதேதோ ஓடும். ஆங்கிலத்தில் 'ரன்' வராத இடங்களிலும் நம்மிடம் இது உண்டு: தேர்வறையில் 'ஒன்றும் ஓடவில்லை' என்பதற்கு அந்தச் சொல் உதவாது.

எனவே திருத்திய வாக்கியத்தை வாய்விட்டுப் படித்து, 'ஓடு' போட்டால் பேச்சில் நிற்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும். நின்றால் அதையே மீண்டும் போட்டுவிடலாம். 1944 தீபாவளிக்கு வெளியான தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்டது. அதைப் பற்றி ஆங்கிலத்தில் 'ரன்' என்றுதான் எழுதுவார்கள், தமிழிலும் படம் ஓடியது என்றுதான் எழுத வேண்டும்.